ஏழு ஸ்பேட் கையில் வந்தால் எதுவரை கேட்கலாம்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் செந்தூல்காரத் தம்பி. தாத்தா வீட்டில் முன்னூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர். இப்போது பெட்டாலிங் ஜெயாவில் வாரம் ஒரு மாலை, இரண்டு ஜோடிகள் ஏலம் கேட்டு ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்குப் போகிறார். பார்ட்னர் நல்ல அனுபவமுள்ள ஒரு சீன அங்கிள். ஒரே மாலையில் தம்பிக்கு இரண்டு தடவை ஏழு சீட்டு ஸ்பேட் வந்திருக்கிறது.

முதல் கை இது: ஸ்பேட் கிங், குயின், ஜாக், 9, 7, 6, 4, ஹார்ட் 8, டைமண்ட் ஜாக், 7, 5, கிளப் 6, 3. முதலில் பேச வேண்டியவர் தம்பிதான். எதிர்ப்பக்கம் வல்னரபிள் (கேம் போனஸும் அபராதமும் பெரிதாகும் நிலை), இவர்கள் பக்கம் இல்லை. ஏழு பாயிண்ட்தானே (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) என்று பாஸ் சொல்லிவிட்டார். எதிரிகள் நிதானமாகப் பேசி 4 ஹார்ட்டுக்குப் போய் (கேட்ட எண்ணோடு ஆறைக் கூட்ட வேண்டும், அதாவது ஹார்ட்டைத் துருப்பாக்கிப் பத்துப் பிடி) 620 எடுத்தார்கள். அங்கிளிடம் மூன்று ஸ்பேட் இருந்ததாம். "ஏன் 3 ஸ்பேட் கேட்கவில்லை?" என்று சலித்துக்கொண்டார்.

பிறகு வந்த கை: ஸ்பேட் ஜாக், 9, 8, 6, 4, 3, 2, ஹார்ட் கிங், 4, டைமண்ட் ஏஸ், 5, கிளப் குயின், 7. இந்தத் தடவை இவர்கள் வல்னரபிள், எதிரிகள் இல்லை. வலது பக்கத்தவர் பாஸ் சொன்னதும் தம்பி துணிந்து 3 ஸ்பேட் கேட்டார். டபுள் விழுந்தது, அதாவது இது தேறாது என்று எதிரிகள் அபராதத்தைக் கூட்டினார்கள். ஆறு பிடிதான் வந்தது. 800 போனது. "இந்தக் கையில் யார் கேட்கச் சொன்னது?" என்றார் அங்கிள்.

கேட்காவிட்டாலும் திட்டு, கேட்டாலும் திட்டு என்றால் நீளமான சூட்டை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் துணிவது? இதுதான் தம்பியின் கேள்வி.

அங்கிள் இரண்டு தடவையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், தம்பி. ஏழு ஸ்பேட் இருந்தது என்பதைத் தவிர அந்த இரண்டு கைகளுக்கும் ஒற்றுமை கிடையாது. பேசுவதற்கு ஒரு காரணத்தை நீளம் தரும். எதுவரை பேசலாம் என்பதை அது சொல்லாது. அதற்கு இரண்டு எண்ணிக்கை வேண்டும். ஸ்பேட் துருப்பானால் என் கை மட்டும் எத்தனை பிடி எடுக்கும்? வேறு சூட் துருப்பானால் இதே கை எத்தனை பிடி எடுக்கும்? முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது எண் சிறிதாகவும் இருந்தால், போக முடிந்த உயரத்துக்கு ஒரே தாவலில் போய்விடுங்கள், அதன் பிறகு பேசாதீர்கள். இரண்டு எண்ணும் நெருங்கி வந்தால் பொறுத்திருங்கள்.

முன்னூற்று நாலில் முதல் நாலு சீட்டைப் பார்த்ததுமே 160-இலிருந்து கேட்க ஆரம்பிக்கிறோம். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10 என்று கண் தானாகக் கூட்டிக்கொள்ளும். பாயிண்ட்டைக் கூட்டிப் பார்த்துக் கேட்பது நம் வீடுகளில் சின்ன வயதிலேயே ஊறிவிட்ட பழக்கம். அந்தப் பழக்கத்தோடு பிரிட்ஜ் மேசைக்கு வந்தால் 7 பாயிண்ட் கை ஏழையாகவும் 10 பாயிண்ட் கை வசதியாகவும் தெரியும். உங்கள் இரண்டு கைகளிலும் உண்மை இதற்கு நேர்மாறு.

எண்ணிப் பார்ப்போம். மிச்சமுள்ள ஆறு ஸ்பேடும் மற்ற மூவரிடமும் ஆளுக்கு மூன்றுக்கு மேல் இல்லாமல் பிரிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கையில் கிங், குயின், ஜாக் வரிசையாக நிற்கின்றன. ஏஸுக்கு ஒரு பிடி போகும், மீதி ஆறும் உங்களுடையவை. ஸ்பேட் கொஞ்சம் கோணலாகப் பிரிந்தாலும் 9 கூட இருப்பதால் பெரும்பாலும் அந்த ஆறு குறையாது. வெளியே இருக்கும் டைமண்ட் ஜாக்கை எண்ண வேண்டாம். ஆக, ஆறு பிடி.

இரண்டாவது கையில் ஸ்பேட் ஏஸ், கிங், குயின் மூன்றும் வெளியே இருக்கின்றன. மூன்று சுற்று கொடுத்துவிட்டு நாலு பிடி எடுக்கலாம், அதுவும் யாரிடமும் நாலு ஸ்பேட் சேர்ந்து உட்காராமல் இருந்தால். டைமண்ட் ஏஸ் ஒன்று, ஹார்ட் கிங்குக்கு அரை. தாராளமாகப் போட்டாலும் ஐந்தரை. முதல் கையின் ஆறு கிட்டத்தட்ட நிச்சயமான ஆறு. இந்த ஐந்தரை நல்ல நாளில் ஐந்தரை, கெட்ட நாளில் நாலரை.

இனி அடுத்த எண்ணிக்கை. எதிரிகள் 4 ஹார்ட் ஆடுகிறார்கள் என்று வையுங்கள். முதல் கை ஸ்பேடில் ஒரு பிடி எடுக்கலாம், எதிரிகளில் ஒருவரிடம் ஸ்பேடே இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. இரண்டாவது கையில் டைமண்ட் ஏஸ் உறுதியான பிடி. ஹார்ட் கிங், ஏஸ் இருப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அதுவும் ஒரு பிடி. கிளப் குயினும் தொல்லை கொடுக்கும். அங்கிள் தம் பங்குக்கு இரண்டு பிடி எடுத்தால் 4 ஹார்ட் விழுந்துவிடும். உங்களிடம் 10 பாயிண்ட் இருக்கிறது. கட்டில் மொத்தமுள்ள 40-இல் 10 போக மிச்சம் 30. மூன்று பேருக்கும் சராசரி பத்துப் பத்துதான் வருகிறது. எதிரிகளுக்கு கேம் (4 ஹார்ட், 4 ஸ்பேட் போல போனஸ் தரும் ஒப்பந்தம்) இருக்கிறதா என்பதே சந்தேகமான ஒரு கையில், அந்த கேமைத் தடுக்க 800 கொடுத்திருக்கிறீர்கள். அங்கிளுக்கு வலித்தது அதுதான்.

எதிரிகள் டபுள் செய்து நாம் விழும்போது கணக்கு இப்படிப் போகும். வல்னரபிள் இல்லையென்றால் ஒரு பிடி குறைந்தால் 100, இரண்டுக்கு 300, மூன்றுக்கு 500, நாலுக்கு 800. வல்னரபிள் என்றால் 200, 500, 800, 1100. எதிரிகள் மேஜர் சூட்டில் (ஸ்பேட் அல்லது ஹார்ட்) கேம் ஆடி எடுத்தால் அவர்களுக்கு 420, வல்னரபிளாக இருந்தால் 620. இந்தப் பத்து எண்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும். நீளமான சூட்டைப் பற்றிய முடிவுகளில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது.

பிரிட்ஜ் நிபுணர் எலி கல்பர்ட்சன் காலத்திலிருந்து வழங்கும் இரண்டு-மூன்று விதி இதிலிருந்து வந்ததுதான். உங்கள் கை எடுக்கும் பிடிகளை எண்ணுங்கள். வல்னரபிள் என்றால் அதோடு இரண்டும், இல்லையென்றால் மூன்றும் கூட்டி அதுவரை கேளுங்கள். பார்ட்னர் ஒரு பிடிகூடத் தராவிட்டாலும் இழப்பு 500-ஐத் தாண்டாது. முதல் கை ஆறு பிடி, வல்னரபிள் இல்லை, ஆறும் மூன்றும் ஒன்பது. அதாவது 3 ஸ்பேட், அங்கிள் சொன்ன அதே கேள்வி. இதே கை வல்னரபிளாக வந்திருந்தால் ஆறும் இரண்டும் எட்டு, அப்போது 2 ஸ்பேடோடு நிறுத்த வேண்டும். ஏழு சீட்டை வைத்துக்கொண்டு இரண்டில் ஆரம்பிப்பதா என்று பலர் தயங்குவார்கள். தயங்க வேண்டாம், அது நல்ல கேள்வி. இரண்டாவது கைக்கு ஐந்தரையும் இரண்டும் ஏழரை. 2 ஸ்பேடுக்கே எட்டாத கை அது, பாஸ்தான்.

ஆனால் அந்த விதி நம் பக்கத்தை மட்டும் பார்க்கிறது. எதிர்ப்பக்கம் வல்னரபிளா இல்லையா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறும். நாம் இல்லை, அவர்கள் வல்னரபிள்: இதுதான் மிக இனிப்பான நிலைமை. மூன்று பிடி குறைந்து 500 கொடுத்தாலும் அவர்களுடைய 620-ஐவிடக் குறைவு. இரு பக்கமும் இல்லை என்றால் 500 கொடுத்து 420-ஐத் தடுப்பது நஷ்டம், இரண்டு குறைந்து 300 என்றால் லாபம். இரு பக்கமும் வல்னரபிள் என்றால் இரண்டு குறைந்தாலும் 500 அவர்களுடைய 620-க்குள்தான் நிற்கும். நாம் வல்னரபிள், அவர்கள் இல்லை: ஒரு பிடி குறைந்து 200 கொடுப்பது மட்டும்தான் லாபம், இரண்டாவது பிடி குறையும்போதே 500 ஆகி 420-ஐத் தாண்டிவிடுகிறது. உங்கள் இரண்டாவது கை வந்தது இந்த நிலைமையில். நல்ல ஏழு சீட்டு வந்தாலே இங்கே யோசிக்க வேண்டும், ஜாக் தலைமையில் வந்த ஏழு சீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

1925-இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் ஒரு கப்பல் பயணத்தில் கான்ட்ராக்ட் பிரிட்ஜின் கணக்கை வகுத்தபோதே இந்த வல்னரபிள் ஏற்பாட்டையும் சேர்த்துவிட்டார். பிரிட்ஜில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான். பதின்மூன்று சீட்டும் அதேதான், ஆனால் யார் வல்னரபிள் என்று மேசையில் இருக்கும் பலகை எந்த நிறம் காட்டுகிறது என்பதைப் பொறுத்து சரியான கேள்வி மாறிவிடும். சீட்டைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே பலகையைப் பார்க்கிற பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளுங்கள்.

இன்று நன்றாக ஆடுகிறவர்கள் பலர் சாதகமான நிலைமையில் மூன்றுக்குப் பதில் நாலு கூட்டுகிறார்கள். காகிதத்தில் பார்த்தால் 800 கொடுத்து 620-ஐத் தடுப்பது நஷ்டம். 1987-க்கு முன்னால் அது 700-ஆக இருந்தது, அந்த ஆண்டு விதி திருத்தப்பட்டதிலிருந்து 800. இருந்தாலும் அவர்கள் கேட்பதற்குக் காரணம், எதிரிகள் எப்போதும் டபுள் செய்வதில்லை. 3 ஸ்பேட் என்று ஆரம்பித்தால் 1 கிளப்பிலிருந்து 3 ஹார்ட் வரை பதின்மூன்று கேள்விகள் அவர்களுக்கு இல்லாமல் போகின்றன. மூன்றாவது மட்டத்தில் மிஞ்சுவது 3 நோ ட்ரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம்) ஒன்றுதான். பன்னிரண்டு பாயிண்ட்டும் நாலு ஹார்ட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வார்? 4 ஹார்ட்டில் குதித்து ஐந்து துருப்பு ஒரே இடத்தில் நிற்பதைக் காண்பார், அல்லது பாஸ் சொல்லி கேமைத் தவறவிடுவார். அந்தத் தடுமாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. ஆனாலும் நாலைக் கூட்டுவதை இன்னும் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். இரண்டு-மூன்று விதி கைக்குப் பழகிய பிறகு போதும்.

எந்த வகைப் போட்டி என்பதும் முக்கியம். உங்கள் மாலை ஆட்டம் ஜோடிப் போட்டி என்றால், அதே கையை மற்ற மேசைகள் என்ன செய்தன என்பதோடு மட்டும்தான் ஒப்பிடுவார்கள். எவ்வளவு தோற்றீர்கள் என்பது அங்கே பொருட்டில்லை, 800-க்கும் 1100-க்கும் ஒரே பூஜ்யம். அதனால் ஜோடிப் போட்டியில் கொஞ்சம் கூடுதலாகத் துணியலாம். ஒரு எண்ணை மட்டும் பயந்து வையுங்கள், அது 200. எதிரிகள் சின்ன ஒப்பந்தம் ஆடி 110 அல்லது 140 எடுக்க வேண்டிய கையில் நீங்கள் வல்னரபிளாக டபுள் வாங்கி ஒரு பிடி குறைந்தால் 200. அந்த மாலை அதோடு முடிந்த மாதிரி. அணிப் போட்டியில் வித்தியாசத்தின் அளவே புள்ளியாகிறது, அந்தப் புள்ளிக்கு ஐஎம்பி என்று பெயர். 420-க்குப் பதில் 500 கொடுத்தால் இரண்டு ஐஎம்பிதான் போகும், 800 கொடுத்தால் ஒன்பது போகும். அங்கே 500 மன்னிக்கத்தக்கது, 800 அப்படியில்லை.

உட்காரும் இடத்தைப் பற்றி. முதலில் பேசுகிறவருக்கு எதிரில் இரண்டு எதிரிகளும் ஒரு பார்ட்னரும் பேசாமல் இருக்கிறார்கள். நல்ல கை எதிரியிடம் இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அதனால் தடுப்பது நியாயம். வலது பக்கத்தவர் பாஸ் சொன்ன பிறகு நீங்கள் இரண்டாவதாகப் பேசினால் மிச்சம் ஒரு எதிரியும் ஒரு பார்ட்னரும்தான். நீங்கள் மூடும் கதவு பாதி நேரம் பார்ட்னர் முகத்தில்தான் அறையும். இங்கே சூட் பளிச்சென்று இருக்க வேண்டும். உங்கள் 800 வந்தது இந்த இடத்திலிருந்துதான் என்பதையும் கவனியுங்கள். மூன்றாவதாகப் பேசும்போது பார்ட்னரும் பாஸ், வலதுபக்கமும் பாஸ். உங்களிடமும் ஒன்றும் இல்லையென்றால் எல்லாம் இடது பக்கத்தில்தான் குவிந்திருக்கும். பிரிட்ஜில் மிகத் துணிச்சலாகக் கேட்க வேண்டிய இடம் அதுவே. ஆறு சீட்டோடுகூட 3 கேட்பவர்களை அங்கே பார்ப்பீர்கள், அவர்கள் தவறு செய்யவில்லை. நாலாவது இடத்தில் தடுக்க ஆளே இல்லை. பாஸ் சொன்னால் ஆட்டமே முடிந்துவிடும். அங்கே 3 ஸ்பேட் என்பது ஜெயிப்பதற்காகக் கேட்பது, பத்துப் பதினொரு பாயிண்ட்டும் நல்ல ஏழு சீட்டும் வேண்டும்.

சூட்டின் தரத்தைப் பற்றி ஒரு விஷயம் அடிக்கடி விட்டுப்போகிறது. படச்சீட்டுக்குக் கீழே இருக்கும் 10, 9, 8-க்கு மதிப்பு உண்டு. கிங், குயின், 10, 9-ஓடு ஏழு சீட்டு என்றால் எதிரி டபுள் செய்யத் தயங்குவார். கிங், குயின், 6, 5, 4, 3, 2 என்றால் ஜாக்கும் பத்தும் சேர்ந்து ஒருவரிடம் உட்கார்ந்து உங்களைத் தின்னும். அதேபோல ஏஸ் தலைமையில் வரும் நீளமான சூட், கிங்-குயின்-ஜாக் தலைமையில் வருவதைவிடத் தடுப்புக்குக் குறைந்ததுதான். ஏஸ் எதிரிகளின் ஒப்பந்தத்திலும் பிடி எடுக்கும். கிங்-குயின்-ஜாக் உங்கள் ஒப்பந்தத்தில்தான் உயிர் பெறும்.

வெளியே இருக்கும் வடிவமும் பேசும். ஏழு சீட்டோடு இரண்டு, இரண்டு, இரண்டு என்று வந்தால் மந்தமான கை. 7-3-2-1 கொஞ்சம் நல்லது. ஏழோடு நாலு ஹார்ட் சேர்ந்து வந்தால் முதல் இரண்டு இடங்களில் உயரத்தில் ஆரம்பிக்காதீர்கள், பார்ட்னருக்கு ஐந்து ஹார்ட் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாமல் போகும்.

எந்த சூட் நீளம் என்பதற்கும் ஒரு வார்த்தை. ஸ்பேட் நீளம் என்பது தனி அதிகாரம், எதிரி அதன் மேல் ஏற வேண்டுமென்றால் ஒரு மட்டம் உயர்ந்தாக வேண்டும். ஹார்ட் நீளமாக இருந்தால் 3 ஹார்ட்டுக்கு மேல் 3 ஸ்பேட் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

இனி, இந்தப் பதிலில் நீங்கள் முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கும் பகுதி. ஒரு தடவை கேட்டுவிட்டால் அதோடு சரி. உங்கள் முதல் கையோடு 3 ஸ்பேட் கேட்டீர்கள் என்று வைப்போம். இடது பக்கம் 4 ஹார்ட். அங்கிள் பாஸ். வலதுபக்கமும் பாஸ். ஹார்ட் ஒற்றைச் சீட்டு, ஸ்பேட் நல்ல ஸ்பேட், இன்னொரு படி ஏறினால் என்ன என்று மனம் சொல்லும். ஏறாதீர்கள். உங்கள் கையை அங்கிளுக்கு முழுக்கச் சொல்லியாயிற்று: ஏழு சீட்டு, ஆறு பிடி, வெளியே ஒன்றுமில்லை. இதைக் கேட்ட பிறகுதான் அவர் பாஸ் சொல்லியிருக்கிறார். அவர் கையில் ஹார்ட் குயின், ஜாக், 10, 9 இருக்கலாம். எதிரி எப்போது நிறுத்துவார் என்று காத்திருக்கலாம். ஏலத்தின் சுக்கான் இப்போது அவரிடம், அதை நீங்கள் திரும்பப் பிடுங்கினால் 4 ஹார்ட் இரண்டு பிடி விழ வேண்டிய கையில் நீங்கள் மூன்று பிடி விழுவீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, இதைவிடப் பரவலானது. முதலில் 2 ஸ்பேட் என்று அடக்கமாக ஆரம்பித்து, எதிரி 3 ஹார்ட் என்றதும் 3 ஸ்பேட், 4 ஹார்ட் என்றதும் 4 ஸ்பேட் என்று படிப்படியாக ஏறுவது. போய்ச் சேரும் உயரம் அதேதான், கொடுக்கும் விலை வேறு. ஒவ்வொரு படியிலும் எதிரிகள் ஒருவருக்கொருவர் கையைச் சொல்லிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. நீங்கள் 4 ஸ்பேடுக்கு வரும்போது அவர்களுக்கு எல்லாம் தெரியும், டபுள் கார்டு தயாராக இருக்கும். ஒரே தாவலில் போனால் அவர்கள் இருட்டில் முடிவெடுக்க வேண்டும். நீளமான சூட்டில் துணிச்சல் என்பது எத்தனை தடவை கேட்கிறோம் என்பதில் இல்லை, முதல் தடவை எங்கே போய் நிற்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

கேட்கும் வேகத்தையும் கவனியுங்கள். நெடுநேரம் யோசித்துவிட்டு 3 ஸ்பேட் கார்டை வைத்தால் உங்கள் கை சரியான 3 ஸ்பேட் இல்லை என்று மேசைக்கே தெரிந்துவிடும். அதை வைத்து அங்கிள் முடிவெடுக்கக்கூடாது என்பது சட்டம், அதனால் சங்கடம் அவருக்குத்தான். சீட்டை விரித்ததும் பிடிகளை எண்ணி முடித்துவிட்டால் இந்தத் தயக்கம் வராது.

விதிவிலக்கு ஒன்றிரண்டு உண்டு. சொல்லாத வடிவம் ஒன்று கையில் மறைந்திருந்தால், உதாரணமாக ஆறு ஸ்பேடோடு ஐந்து டைமண்ட், இரண்டாம் தடவை பேசலாம். பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வியைப் பார்ட்னர் கேட்டாலும் பேசத்தான் வேண்டும்.

அங்கிள் பக்கத்திலிருந்தும் பாருங்கள், ஏனென்றால் நாளைக்கு அவர் 3 ஸ்பேட் கேட்டால் அந்த நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள். பிரான்ஸ்காரரான ழான்-ரெனே வெர்ன் 1969-இல் பரவலாக அறியவைத்த ஒரு கணிப்பு இங்கே உதவும்: இரு பக்கத்தின் துருப்புகளையும் கூட்டினால் வரும் எண்ணும், இரு பக்கமும் அவரவர் துருப்பில் எடுக்கும் பிடிகளின் கூட்டுத்தொகையும் பெரும்பாலும் ஒன்றாகவோ மிக நெருக்கமாகவோ இருக்கும். இதிலிருந்து வரும் நடைமுறை, நம் பக்கம் எத்தனை துருப்போ அத்தனை பிடி மட்டம் வரை போகலாம் என்பது. ஏழோடு மூன்று பத்து. ஆகவே, மூன்று ஸ்பேட் வைத்திருப்பவர் உடனே 4 ஸ்பேட் சொல்ல வேண்டும், பாயிண்ட் இல்லாவிட்டாலும். பாயிண்ட் இல்லாவிட்டால் இன்னும் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உங்கள் முதல் கையில் நடந்திருக்க வேண்டியது இதுதான்: நீங்கள் 3 ஸ்பேட், அவர் 4 ஸ்பேட், எதிரிகளுக்கு ஐந்தாவது மட்டத்தில் யூகம். டபுள் செய்து மூன்று பிடி குறைந்தாலும் 500-தான், அவர்கள் எடுத்ததோ 620.

நல்ல கையோடு ஸ்பேட் குறைவாக இருந்தால் கதை வேறு. வல்னரபிள் இல்லாதபோது 3 ஸ்பேட் ஆறு பிடி தருவதாகச் சொல்கிறது. கேமுக்கு இன்னும் நாலு வேண்டும். ஏஸும் கிங்குமாக நாலு பிடி தெரிந்தால் 4 ஸ்பேட் சொல்லலாம். குயினும் ஜாக்குமாகச் சிதறிய பதினைந்து பாயிண்ட்டோடு ஒற்றை ஸ்பேட் என்றால் பாஸ்தான். தோன்றுவதைவிட இது கடினம். பதினைந்து பாயிண்ட்டோடு பாஸ் சொல்லக் கை வராது, சொல்லப் பழக வேண்டும்.

நீளமான சூட்டோடு நிறைய பாயிண்ட்டும் வந்தால் இதுவரை சொன்னது எதுவும் பொருந்தாது. ஸ்பேட் ஏஸ், கிங், குயின், 10, 7, 6, 4. ஹார்ட் ஏஸ், 5. டைமண்ட் கிங், 3. கிளப் 8, 2. பதினாறு பாயிண்ட். இதில் 4 ஸ்பேடுக்குத் தாவினால் நீங்கள் வாயடைப்பது பார்ட்னரைத்தான், அவரிடம் சரியான இரண்டு ஏஸ் இருந்தால் ஸ்லாம் (பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பிடிக்கான ஒப்பந்தம்) போய்விடும். 1 ஸ்பேடில் ஆரம்பியுங்கள். அவர் 1 நோ ட்ரம்ப் என்று பலவீனமாகச் சொன்னால் இங்கேயும் பிடியை எண்ணுங்கள். ஸ்பேடில் ஏழு, ஹார்ட் ஏஸ் ஒன்று, டைமண்ட் கிங் அரை, மொத்தம் எட்டரை. அவரிடம் ஒன்றரை பிடி இருந்தால் போதும். நான் 4 ஸ்பேட் சொல்லிவிடுவேன். பதினாறு பாயிண்ட்டுக்கு 3 ஸ்பேட்தான் என்று சொல்பவர்கள் இந்த ஏழாவது சீட்டை எண்ணவில்லை.

ஆறு சீட்டு இதைவிட அடிக்கடி வரும். ஏழு சீட்டு சூட் கிடைப்பது நூறு கையில் மூன்று நாலு தடவைதான், ஆறு சீட்டு நூறில் பதினாறு பதினேழு தடவை. பார்ட்னர் 15 முதல் 17 பாயிண்ட்டோடு 1 நோ ட்ரம்ப் ஆரம்பிக்கிறார், உங்களிடம் ஸ்பேட் கிங், ஜாக், 10, 8, 6, 3, ஹார்ட் 7, டைமண்ட் குயின், 10, 7, 4, கிளப் 9, 5. ஆறு பாயிண்ட்தான். ஆனால் அவரிடம் குறைந்தது இரண்டு ஸ்பேட் இருக்கும், எட்டுத் துருப்பு உறுதி, மிச்சம் ஐந்தும் மூன்று-இரண்டாகப் பிரிய 68 சதவீத வாய்ப்பு. ஒற்றை ஹார்ட்டும் உண்டு. கேம் வருவதும் வராமல் போவதும் கிட்டத்தட்டச் சரிபாதி.

அணிப் போட்டியில் வல்னரபிளாக இருந்தால் சரிபாதி கேமைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். பத்துப் பிடி வந்தால் 620, கேட்காமல் நின்றிருந்தால் 170, வித்தியாசம் 450, பத்து ஐஎம்பி. ஒன்பது பிடியோடு விழுந்தால் -100, நின்றிருந்தால் 140, வித்தியாசம் 240, ஆறு ஐஎம்பி. ஜெயித்தால் பத்து, தோற்றால் ஆறு என்றால் நூறில் 37, 38 தடவை ஜெயித்தாலே லாபம். வல்னரபிள் இல்லாவிட்டால் ஆறுக்கு ஐந்து என்று குறுகி, 45 சதவீதம் தேவைப்படும். ஜோடிப் போட்டியில் சரிபாதிக்கு மேல் வேண்டும். இந்தக் கையை உங்கள் மாலை ஆட்டத்தில் நான் அழைப்போடு (கேம் முடிவைப் பார்ட்னரிடம் விடும் கேள்வி) நிறுத்துவேன், அணிப் போட்டியில் வல்னரபிளாக இருந்தால் நேரே 4 ஸ்பேடில் முடிப்பேன்.

அடுத்த வாரம் அங்கிளோடு உட்காருவதற்கு முன், மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடிக்கிற நேரத்தில் மூன்று விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். வல்னரபிளாக ஏழு சீட்டோடு 2 ஸ்பேட் கேட்டால் அவருக்குச் சம்மதமா? இரண்டாவது இடத்தில் கேட்க சூட்டில் குறைந்தது எந்தப் படச்சீட்டுகள் வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்? மூன்றாவது இடத்தில் ஆறு சீட்டோடு 3 கேட்டால் பொறுத்துக்கொள்வாரா? மூன்றாவதற்கு மட்டும் அவர் வேண்டாம் என்றால் அவர் சொல்கிறபடியே ஆடுங்கள். அவர் எதிர்பார்க்காத துணிச்சலைக் காட்டினால் எதிரியோடு சேர்ந்து அவரும் தடுமாறுவார்.